மூலையில் உட்கார்ந்த சவுரிராயன்

விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கிறேன். சைக்கிளை விட்டுப் போகிறவர்களுக்குத் தகர டோக்கன் கொடுப்பேன். ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் இருக்கிறது, நடுவில் ஒரே ஒரு நம்பரைத் தவிர. அறுபத்து மூன்றுக்கு அடுத்தது அறுபத்தைந்து. நடுவில் ஒரு நம்பரைக் காணோமே என்று கேட்பவர்களிடம், தகரம் வெட்டினவன் தப்பு பண்ணிவிட்டான் என்று சொல்லிவிடுகிறேன். பாவம், அவன்மேல் ஒரு தப்பும் கிடையாது.

எந்த நம்பர் கண்ணில் பட்டாலும் அது சதுரமா இல்லையா என்று மனசு தானாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. ரயில் பெட்டி நம்பர், வீட்டுக் கதவு நம்பர், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிற தலைகள், எதையும் விடுவதில்லை. இது நாற்பத்தொன்பதாம் வருஷம். ஏழேழு நாற்பத்தொன்பது, நல்ல வருஷம். நான் சொல்லப்போகிற சங்கதி நடந்தது நாற்பத்து மூன்றில். மூன்றில் முடிகிற எண் எந்தக் காலத்திலும் சதுரமாகாது. இதைப் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். இது நான் பார்த்த உத்தியோகம். அதை விட்டு ஆறு வருஷம் ஆச்சு, அது என்னை விட்டபாடில்லை.

அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. எங்கள் பக்கம் மழையும் பொய்த்து, மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொடியிலேயே கருகிப்போயிருந்தது. சொந்த நிலம் வைத்திருந்த எங்களைப் போன்றவர்கள் விதைக்கு வைத்த கேப்பையை எடுத்துக் கூழ் காய்ச்சினோம். கூலிக்குப் போகிற சனத்துக்கு அதுவும் இல்லை. அதனால் சர்க்காரில் ஒரு கஞ்சி ஒழுங்குமுறை ஆபீஸ் வைத்தார்கள். கஞ்சி ஆபீஸ் என்று வைத்திருக்கலாம். ஒழுங்குமுறை எதற்கு என்று எனக்கு வேலைக்குப் போன முதல் நாளே தெரிந்துவிட்டது.

ஸ்பெஷல் ஆபீசர் பெயர் தேவநாதன். நல்ல சிவப்பு, வெள்ளை டிரில் துணியில் கோட்டு, கையில் ஒரு பிரம்பு. அவர் முதலில் நடத்திய கேம்பில் சனங்கள் பாட்டுக்கு வட்டமாக உட்கார்ந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் அவருக்கு ஒரு அவமானம் நேர்ந்திருக்கிறது. அதை அவரே என்னிடம் சொன்னார்.

"எண்ணினேன், நூற்று இருபது. சந்தேகத்துக்கு மறுபடி எண்ணினேன், நூற்று முப்பத்தொன்று. நேர்மையான மனிதன் நான், மேலிடத்துக்கு இரண்டையும் எழுதினேன். எது சரி என்று கேட்டு மெமோ கொடுத்தார்கள். பசித்தவன் ஒரு இடத்தில் அசையாமல் உட்காருவதில்லை, அதற்கு நானா பொறுப்பு? அதனால்தான் சதுரம். எத்தனை வரிசையோ, வரிசைக்கு அத்தனை பேர். ஒரு வரிசையை எண்ணினால் போதும். பாக்கியை வாய்ப்பாடு பார்த்துக்கொள்ளும்."

"நீள வரிசையா உக்கார வச்சா என்னங்க சார்? எட்டு வரிசை, வரிசைக்கு ஏழு பேர்னு?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீளம் ஒரு எண், அகலம் ஒரு எண் என்றால் இரண்டு தடவை எண்ண வேண்டும். நான் பதினொரு கேம்ப் பார்க்கிறேன். எனக்கு இருப்பது ஒரு தடவை எண்ணத்தான் நேரம்."

வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் பரீட்சை வைத்தார். "முப்பத்தாறு?" ஆறாறு சார் என்றேன். "நாற்பத்தெட்டு?" ஆகாது சார், ஒரு ஆள் குறையுது. "எண்பத்தொன்று?" ஒன்பதொன்பது. "எழுபத்திரண்டு?" அப்போது வாயை மூடிக்கொண்டு ஆகாது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். வயசு இருபத்து மூன்று, நாலு பேருக்கு முன்னால் கெட்டிக்காரனாகத் தெரிய வேண்டும் என்கிற ஆசை. "ரெண்டுல முடியுதே சார். ரெண்டு, மூணு, ஏழு, எட்டுல முடிஞ்சா பார்க்கவே வேணாம், சதுரம் ஆகவே ஆகாது" என்றேன்.

ஆபீசர் நாற்காலியை விட்டு எழுந்தார். "பார்க்கவே வேண்டாமா?" என்று இரண்டு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டார். அன்றைக்கே எனக்கு வேலை கிடைத்தது. அடுத்த வாரம் அச்சடித்த உத்தரவு வந்தது. கேம்புக்கு வந்த தலைகளின் எண்ணிக்கை இரண்டு, மூன்று, ஏழு, எட்டு ஆகிய எண்களில் முடிந்தால் அடுப்பு மூட்ட வேண்டாம் என்று போட்டிருந்தது. மற்ற எண்கள் வந்தால் குமாஸ்தா பரிசீலிக்க வேண்டுமாம். என் வாயில் மண் விழ, அது என் வாயிலிருந்து வந்த உத்தரவு.

எங்கள் கேம்ப் திண்டிவனத்துக்குத் தெற்கே விழுப்புரம் ரோட்டோரம் ஒரு புளியந்தோப்பில் இருந்தது. சமையலுக்கு மாசிலாமணி. எண்ணுவதற்கு நான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிராம முன்சீப்பு வீடு. ஜனனம் மரணம் எழுதுகிறவர் அவர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஐம்பத்தேழு பேர் வந்தார்கள். ஏழில் முடிகிறது, ஆகவே அடுப்பு இல்லை. எட்டு பேர் வேலிக்கு வெளியே போனால் ஏழேழு நாற்பத்தொன்பது ஆகும், அடுப்பு எரியும். அந்த எட்டு பேர் யார் என்று உத்தரவில் இல்லை. நான் பேசாமல் நின்றேன். ஒரு மணி நேரம் ஆச்சு. கடைசியாக வந்தவர்கள் எட்டு பேர் தாங்களாகவே எழுந்து வேலிக்கு வெளியே போய் உட்கார்ந்தார்கள். பதிவேட்டில் அவர்களுக்கு ஒரு கட்டம் இருந்தது. அதற்குத் தலைப்பு மீதி.

அந்த மீதி சனம் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. கஞ்சி ஊற்றுகிற நேரம் முழுக்க வேலிக் கம்புக்கு நடுவே கண்ணை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் தலை நிமிராமல் குடித்தார்கள். நானும் பதிவேட்டை விட்டு நிமிரவில்லை. ஒரு வாரத்தில் மீதி சனம் வருவதை நிறுத்திக்கொண்டது. தினமும் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போவதைவிட ஏரியில் நண்டு தோண்டலாம் என்று போய்விட்டார்கள். ஆபீசருக்கு ரொம்ப சந்தோஷம். மீதி பூஜ்யம் என்று மேலிடத்துக்கு எழுதினார். பஞ்சம் குறைகிறது என்றும் எழுதினார்.

ஆபீசர் பூஜ்யம் என்று எழுதினாலும் வருவதை நிறுத்தாத மீதி இரண்டு பேர் இருந்தார்கள். சவுரிராயன், அவர் சம்சாரம் லூர்துமேரி. வல்லம் பக்கத்தில் கிணறு வெட்டுகிற வேலை பார்த்தவர். பாறைத் தூசி நெஞ்சில் இறங்கி, பத்து அடிக்கு ஒரு தடவை நின்று இருமுவார். அதனால் எத்தனை சீக்கிரம் கிளம்பினாலும் ஐம்பதாவதும் ஐம்பத்தொன்றாவதுமாகத்தான் வந்து சேருவார்கள். மாசிலாமணி அடிப்பானையைக் கழுவுகிற தண்ணீரை வேலிக்கு மேலே நீட்டுவார். அதைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

"கடவுளு நாப்பத்தொம்போது பேரப் படைச்சிட்டு, கை கழுவப் போற நேரத்துல எங்களைப் படைச்சாரு போல" என்று சவுரிராயன் என்னிடம் சொல்லுவார். சிரிப்பார். சிரிப்பு இருமலாகிவிடும்.

ஒருநாள் லூர்துமேரி கேட்டாள். "ஐயா, உள்ள வர்றதுக்கு எத்தினி பேரு ஆவணும்? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

தரையில் புளியங்கொட்டை கிடந்தது. ஏழு வரிசை ஏழேழாக அடுக்கிக் காட்டினேன். "இதைப் பெருசாக்கணும்னா இந்தப் பக்கம் ஏழு வைக்கணும், அந்தப் பக்கம் ஏழு வைக்கணும்." வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். மூலையில் ஒரு பொத்தல் இருந்தது.

"இங்க ஒண்ணு இல்லியே" என்று தன் கையால் ஒரு கொட்டையை எடுத்து அந்த மூலையில் வைத்தாள். எட்டெட்டு அறுபத்து நாலு. "ஆக மொத்தம் பதினஞ்சு பேரு. நாங்க ரெண்டு பேரு இருக்கிறோம். பதிமூணு பேரு வோணும்." பிறகு தோப்பில் அந்த மூலை எங்கே வரும் என்று நடந்து போய்ப் பார்த்தாள். பெரிய புளியமரத்தடியில் வந்தது. "இந்த எடம் எங்க ஊட்டுக்காரருக்கு. மரத்துல சாஞ்சிக்கினு உக்காருவாரு."

பனமலை ஏரிக்கரை வரைக்கும் நடந்தே போனாள். நண்டு தோண்டிக்கொண்டிருந்தவர்களிடம், நீங்கள் வந்தால் எனக்கும் கஞ்சி, நான் வந்தால் உங்களுக்கும் கஞ்சி, மேரி மாதாவின் பேரில் சத்தியம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாலாவது நாள் பதிமூன்று பேரோடு வந்து நின்றாள். பதிவேட்டில் புதுப் பெயர் ஏற விழுப்புரம் ஆபீஸ் முத்திரை வேண்டும்; அவர்கள் பெயர் எல்லாம் அங்கே போய் முத்திரை குத்தி வர இருபது நாள். இருபத்தோராவது நாள் அறுபத்து நாலு பேரும் உட்கார்ந்தார்கள். சவுரிராயன் மூலையில் மரத்தில் சாய்ந்து, மடியில் அலுமினியக் குண்டானை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கஞ்சி ஊற்றினதும் குடிக்காமல் கொஞ்ச நேரம் அதன் சூட்டைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

அதற்கப்புறம்தான் பயம் ஆரம்பித்தது. அறுபத்து நாலில் ஒன்று குறைந்தால் அறுபத்து மூன்று. மூன்றில் முடிகிறது, அடுப்பு இல்லை. பதினாலு பேர் வெளியே போனால்தான் மறுபடி நாற்பத்தொன்பது. ஆகவே யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது. வந்தாலும் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். கூடவும் கூடாது. ஜெயம் என்கிற பொண்ணு கைக்குழந்தையை இறக்கித் தரையில் விட்டாள். ஆளாகச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆபீசுக்கு எழுதினேன். மடியில் இருந்தால் குழந்தை, தரையில் இருந்தால் நபர் என்று பதில் வந்தது. அதிலிருந்து அந்தக் குழந்தையைக் கஞ்சி முடிகிறவரை யாரும் தரையில் விடவில்லை. மற்றப் பிள்ளைகள் தவழ்கிற வயசில் அது மடியிலேயே கிடந்தது.

ஒருநாள் வீரம்மாள் என்று ஒரு கிழவி எங்கிருந்தோ நடந்து வந்து கடைசி வரிசையில் போய் உட்காரப் பார்த்தாள். அறுபத்தைந்தாவது ஆள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே இருந்தவர்களே எழுந்து அவளை வேலிக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். போன மாசம் வெளியே உட்கார்ந்திருந்த அதே சனம்தான். லூர்துமேரி மட்டும் எழவில்லை. அவள் தடுக்கவும் இல்லை.

ஆடி மாசம் ஆபீசர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். காலையில் எண்ணி, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாசிலாமணி முதல் வரிசையிலிருந்து ஊற்ற ஆரம்பித்துவிட்டார். ரோட்டில் கார் வருகிற சத்தம் கேட்டது. மூலைப் பக்கம் போனேன். லூர்துமேரி நேராக முன்னால் பார்த்தபடியே, உதடு அசையாமல் சொன்னாள்.

"ஐயா, இவுரு போய்ட்டாரு."

நான் சவுரிராயனைப் பார்த்தேன். கண் பாதி திறந்திருந்தது. தலை மரத்தில் சாய்ந்திருந்தது. குண்டானைப் பிடித்த கை அப்படியே இருந்தது. அவள் கை அவர் முழங்கால்மேல் இருந்தது.

"எப்பம்மா?"

"கொஞ்சம் முந்தி. சொல்லிறாதீங்க. நான் சத்தியம் பண்ணி இட்டாந்த சனம். பதினாலு பேரு பட்டினியா போவாங்க."

நான் சொல்லவில்லை. மாசிலாமணி வந்தார், பார்த்தார். பிறகு சவுரிராயனின் குண்டானிலும் ஒரு அகப்பை ஊற்றிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். வரிசை வரிசையாகச் சங்கதி போனது எனக்குத் தெரிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அறுபத்து மூன்று பேர் கஞ்சி குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆபீசர் ஒரு வரிசையை எண்ணினார். எட்டு என்றார். திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, மூலைக்கு வந்து சவுரிராயனுக்கு முன்னால் நின்றார்.

"எல்லோரும் இங்கே பாருங்கள். இவர் பெயர் என்ன, சவுரிராயனா? கஞ்சி ஊற்றியாயிற்று, ஆனாலும் பாயவில்லை. ஆபீசர் வந்தால் எழுந்து நின்று வரிசையைக் கெடுக்கவில்லை. மனு கொடுக்கவில்லை. கேள்வி கேட்கவில்லை. நான் எத்தனையோ கேம்ப் பார்க்கிறேன், சர்க்கார் எதிர்பார்க்கிற ஜனம் எப்படி இருக்க வேண்டும் என்று இன்றைக்குத்தான் கண்ணால் காண்கிறேன். நீங்கள் எல்லோரும் இவரைப் போல ஆனால் எனக்கு வேலையே இருக்காது."

அவர் பேசினது அத்தனையும் உண்மை. என் வாழ்க்கையில் ஒரு ஆபீசர் வாயிலிருந்து அவ்வளவு உண்மை நான் கேட்டதில்லை. போகும்போது என்னிடம், "நாளைக்குப் பாண்டிச்சேரியிலிருந்து போட்டோக்காரரைக் கூட்டி வருகிறேன். இதே ஆள், இதே மூலை" என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.

"ஐயா" என்று லூர்துமேரி கூப்பிட்டாள். "இப்ப அழலாங்களா?"

கார் இன்னும் கிளம்பவில்லை. எதிர் வீட்டு வாசலில் முன்சீப்பு நின்றுகொண்டிருந்தார். ஒப்பாரிச் சத்தம் கேட்டால் ஓடி வருவார், மரணம் எழுதுவார், பெயர் அன்றைக்கே அடிபடும். வேறு பெயர் ஏற விழுப்புரத்தில் இருபது நாள். அந்த இருபது நாளும் பதினாலு பேர் வேலிக்கு வெளியே. நான் எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கணக்கில் நான் கெட்டிக்காரன்.

"இப்ப வேணாம்மா" என்றேன்.

அவள் சரிங்க என்றாள்.

உடம்புக்கு முடியாதவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போவதுபோல் இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, சவுரிராயனைத் தோப்புக்குப் பின்னால் ஓடைக்கரைக்குக் கொண்டுபோனார்கள். பட்டப்பகலில் குழி வெட்டிப் புதைத்தார்கள். மாதா கோயில் சாமியாரும் இல்லை, மணியும் இல்லை. லூர்துமேரி வாய்க்குள்ளேயே ஜெபம் சொன்னாள். முந்தானையை உருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மூலை காலி. எண்ணிக்கையாவது நிறையட்டும் என்று வீரம்மாளைத் தேடி ஆள் அனுப்பினோம். அவள் எந்தப் பக்கம் போனாள் என்றுகூட ஒருத்தருக்கும் தெரியவில்லை. அனுப்பின ஆள் வெறுங்கையோடு திரும்பி வரும்போதே கார் சத்தம் கேட்டுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதல் நாள் வேலிக்கு வெளியே இருந்து பார்த்தார்களே, அதே பார்வை. நான் சட்டையைக் கழற்றி மாசிலாமணியிடம் கொடுத்தேன். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மூலையில் போய் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். லூர்துமேரி சவுரிராயனுடைய குண்டானை என் மடியில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆபீசர் வந்தார். ஒரு வரிசையை எண்ணினார். மூலைக்கு வந்து பிரம்பு நுனியால் என் தலைத்துண்டைச் சரி பண்ணினார். என்னை வேலைக்கு எடுத்தவர், இரண்டு மாசம் என்னிடம் பதிவேடு வாங்கிப் பார்த்தவர், ஒரு சாண் தூரத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"நேற்றைவிட இன்று தெம்பாக இருக்கிறார். கஞ்சியின் பலன்" என்று போட்டோக்காரரிடம் சொன்னார்.

போட்டோ எடுத்து முடிந்ததும், "குமாஸ்தா வேங்கடேசன் எங்கே?" என்று கேட்டார். வேலை நேரத்தில் காணாமல் போன குற்றத்துக்காக என்னை வேலையிலிருந்து நீக்கி அங்கேயே எழுதினார். நான் அதைக் கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டேன்.

ஒரு நாள் கூத்து என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். வேறு யாரையாவது சவுரிராயன் என்று உட்கார வைத்துவிட்டுக் கழன்றுகொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் மூன்றாம் நாள் அந்தப் போட்டோவுக்குச் சட்டம் போட்டு மரத்தில், என் தலைக்கு மேலேயே மாட்டிவிட்டார்கள். கீழே, ஒழுங்குக்கு உதாரணம் சவுரிராயன் என்று எழுதியிருந்தது. புதுக் குமாஸ்தா சின்னதுரை விழுப்புரத்திலிருந்து வந்தான். ரொம்ப கறார். மூலை நிறைந்தால் சதுரம் நிறைந்தது என்று அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தினமும் போட்டோவைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், "சரியா இருக்குது, ஜல்தி ரேகை வையி" என்பான். எழுதப் படிக்கத் தெரிந்த நான் சவுரிராயன் பெயருக்கு நேரே கட்டை விரலை வைப்பேன்.

ஆக இரண்டு மாசம் வேங்கடேசனாக இருந்தேன், மூன்று மாசம் சவுரிராயனாக இருந்தேன். கோலியனூரில் எங்கள் வீட்டுக்குச் சேதி போய்விட்டது. கூலிச் சனத்தோடு ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறானாமே என்று என் அப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். இன்றுவரை ஆரம்பிக்கவில்லை.

அப்பா பேசாததுகூடப் பெரிசில்லை. அந்த மூலைதான் பேஜாரு. மரத்தில் அவர் முதுகு பட்டுப் பட்டுப் பட்டை தேய்ந்து வழவழப்பாக இருந்தது. அதில் என் முதுகு சரியாகப் போய்ப் பொருந்தும். கஞ்சி ஊற்றினதும் லூர்துமேரி தன் பங்கில் ஒரு கை அள்ளி எனக்கும் அவளுக்கும் நடுவே தரையில் விடுவாள். அந்த இடம் காயவே காயாது. ஊரே காய்ந்து கிடந்த காலத்தில் அந்த ஒரு சாண் மண் ஈரமாக இருந்தது. நான் கொஞ்சம் நகர்ந்து உட்காருவேன், யாருக்கோ இடம் விடுவதுபோல. சில நாள் காதுக்குப் பின்னால் இருமல் கேட்கும். திரும்பமாட்டேன். மூலை ஆள் திரும்பக்கூடாது, வரிசை கெட்டுவிடும்.

ஒருநாள் சின்னதுரைக்கு என்ன தோன்றியதோ, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தான். எங்கள் மூலைக்கு வந்ததும் நின்றான். முகம் வெளுத்துவிட்டது.

"அறுபத்தஞ்சு வருதே."

மறுபடியும் எண்ணப் போனான்.

"சார்" என்றேன். "ஒரு வரிசை மட்டும் எண்ணுங்க. உத்தரவு அப்படித்தான்."

அவன் ஒரு வரிசை எண்ணினான். எட்டு. அறுபத்து நாலு என்று எழுதிக்கொண்டு போனான். லூர்துமேரி பக்கத்து ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. ஆள் வந்துவிட்டார் என்று இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. வேலை கிடைத்துவிடும், கேம்பை மூடலாம் என்று உத்தரவு வந்தது. கடைசி நாள் ஒரு விழா. தோப்பில் பெஞ்சு போட்டு அதன்மேல் ஏறி நின்று ஆபீசர் பேசினார்.

"இந்த ஜில்லாவில் எத்தனையோ கேம்புகளில் சாவு விழுந்தது. வருத்தம்தான். எனக்குக் கணக்கு எழுதுவது அதனால் சிரமமாக இருந்தது. ஆனால் இந்தக் கேம்பில் அறுபத்து நாலு ஆன நாள் முதல் இன்று வரை அறுபத்து நாலு. ஒரு சாவு கிடையாது. சதுரத்தில் உட்கார்ந்தவன் சாவதில்லை என்று நான் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த பஞ்சத்திலும் இதே முறையைக் கையாள வேண்டும் என்று சிபாரிசு செய்திருக்கிறேன். சவுரிராயன், முன்னால் வா."

நான் போனேன். கோடி வேட்டி ஒன்றைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு கட்டை விரலை வைத்தேன். திரும்பி வந்து வேட்டியை லூர்துமேரியிடம் கொடுத்தேன். அவள் அதைப் பிரிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். மாசிலாமணி அடுப்பை அவித்தார். சின்னதுரை பதிவேட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு காரில் ஏறினான். கார் விழுப்புரம் ரோட்டில் போய் மறைகிறவரைக்கும் எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"ஐயா" என்றாள். "இப்ப அழலாங்களா?"

"அழும்மா. எல்லாம் போய்ட்டாங்க. இனிமே யாரும் எண்ண மாட்டாங்க."

அவள் தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டாள். மரத்தடியில் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். பொண்ணுங்க எல்லாம் மாரில் அடித்துக்கொள்ளத் தயாராக அவளைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தாள். தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. பிறகு என்னைப் பார்த்தாள், ஒரு தப்பு பண்ணிவிட்டவள்போல.

"வரலீங்க ஐயா."

தூறல் விழ ஆரம்பித்தது. அவளுக்கு அழுகை வரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள். நான் ஓரமாகத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயம் குழந்தையை மடியிலேயே வைத்திருந்தாள். யாரும் சொல்லாமலேயே, வரிசைக்கு எட்டு எட்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். மூலை மட்டும் காலியாக இருந்தது. அதில் நான் போய் உட்காரவில்லை.